கப்பலில் ஒரு சீட்டா, ரெண்டா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய், உயிரோடு திரும்பி வந்ததே பெரிய விஷயம்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் போட்டிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். இப்போது சொல்கிறேன், யாழ்ப்பாணத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் இரண்டரை வருஷம் இருந்த தாத்தாவுக்கு இதுதான் முதல் பாஸ்போர்ட்டா என்று பேத்தி சிரிக்கிறாள்.

மகன் ஒரு டூர் பேக்கேஜ் பார்த்து வைத்திருந்தான். கொழும்பு, கண்டி, நுவரெலியா, கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு பகல். நல்லூர்க் கோயில், நூலகம், ஐஸ்கிரீம், ஏறு பஸ்ஸில். வேண்டாம் என்றுவிட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது, 2023 அக்டோபரில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது, நாலு மணி நேரப் பயணம்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானமும் இருக்கிறது, அது இன்னும் சீக்கிரம். ஆனால் அந்த ரன்வேயில் இறங்க எனக்கு மனசில்லை மாப்ளே. அக்டோபர் 87-இல் அங்கே வரிசையாக ஸ்ட்ரெச்சர் கிடந்ததை நீயும்தான் பார்த்தாய்.

மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் பிப்ரவரி கடைசி என்று வைத்திருக்கிறேன். அக்டோபரில் எப்படியும் போயிருக்க மாட்டேன். அந்த வருஷம் தீபாவளி அன்று, 21-ஆம் தேதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை சுட்டதில் செத்துப்போன டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அங்கே வருஷாவருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த இடத்தில் நீயும் இல்லை, நானும் இல்லை, சரி. போட்டிருந்த யூனிஃபார்ம் ஒன்றுதானே. அந்த நாளில் அந்த ஊர்த் தெருவில் டூரிஸ்ட் மாதிரி நடக்க எனக்குத் தைரியம் கிடையாது.

காங்கேசன்துறையிலிருந்து டவுனுக்கு ரயில் இருக்கிறது, நாம் இருந்தபோது எப்படிக் கிடந்த லைன், 2015-இல்தான் திரும்ப ஓட ஆரம்பித்ததாம். டவுனில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்து ஐந்து ராத்திரி தங்கலாம் என்று திட்டம். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிளில் வந்த பையன்களை எல்லாம் நிறுத்தி, இறக்கி, கைதூக்கச் சொன்னவர்கள் நாம். இப்போது நான் அதே ஒழுங்கைகளில் சைக்கிள் மிதிக்கப் போகிறேன், முட்டி ஒத்துழைத்தால்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்னத்தைப் பார்க்க?

நீ நம்ம பட்டாலியனிலேயே இருந்துவிட்டாய். என்னைத்தான் தமிழ் தெரிந்தவன் என்று வடக்கத்தி யூனிட் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஊரைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடும்போது ஆபீசர் இந்தியில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், அவர்கள் சொல்வதை நான் இந்தியில் சொல்ல வேண்டும். "ராத்திரி பொடியள் வந்து சோறு கேட்டாங்கள், துவக்கோட வந்து கேட்டா நான் என்ன செய்யிறது தம்பி" என்று புலிகளைப் பற்றிக் கிழவிகள் சொல்வார்கள். அதை எத்தனையோ தடவை "யாரும் வரவில்லையாம் சாப்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின நாள்தான் கண்ணிவெடியில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போயிருந்தார்கள், எனக்குள் அந்தக் கோபம். அந்த வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பதினாறு பதினேழு வயதிருக்கும். திரும்பி வந்தானா தெரியாது. அந்த அம்மா அழவில்லை, "நீங்களும் தமிழாக்கள்தானே" என்று மட்டும் கேட்டார். இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன், என் வீட்டுக்காரிக்கே தெரியாது.

அந்த வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதே. அது என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவர்கள் நடுவீட்டில் போய் உட்காருகிற வேலை. வீடு எனக்கு அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம், 95-இல் ஊரே இடம்பெயர்ந்திருக்கிறது, அதற்கப்புறம் எத்தனை சண்டை. ஆனால் டீக்கடையில் யாராவது "முதல் தடவையா வாறீங்கள்?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். 87-இல் வந்தேன், ஆமியில் இருந்தேன் என்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன், எழுந்து போனால் போகட்டும். தமிழில் பேசி அங்கே ஒருத்தர் வாழ்க்கையைக் கெடுத்தவன், தமிழிலேயே பொய் வேறு சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பலாலியில் நம்ம ஆட்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கிட்டத்தட்ட 1,200 பேர் அந்தத் தீவில் உயிரை விட்டார்கள், 90 மார்ச்சில் நாம் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர்கூட வரவில்லை. அந்தக் கோபம் உனக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. இடம் ராணுவப் பகுதிக்குள் என்பதால் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும். நீ வந்தால் அதையும் பார்க்கலாம். தனியாக அங்கே போய் நிற்க என்னால் முடியாது என்று நினைக்கிறேன்.

விசா ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம், அதை மகன் பார்த்துக்கொள்வான். சுகர் மாத்திரையை மட்டும் பத்து நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கொள். கப்பலில் ஒரு சீட் போடவா, இரண்டு போடவா? பொங்கலுக்குள் எழுது. போனில் வேண்டாம், போனில் நீ கத்துவாய்.

உன் மச்சான்