மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா? 13ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் கட்டணம் பற்றியோ கலைவிழா ஒத்திகை பற்றியோ இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். இது வேறு. கொஞ்ச நாட்களாக, வகுப்பு முடிந்து நான் கதவைப் பூட்டப் போகிற நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு பல்கலைக்கழகக் கோர்ஸைக் காட்டிக் கைபேசியை நீட்டுகிறீர்கள். "டீச்சர், இதிலே 'வித் பவுண்டேஷன் இயர்' என்று கிடக்கு, எடுக்கலாமா?" கார் நிறுத்துமிடத்தில் குளிரில் நின்று ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட, ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். இதை எழுதும்போது நான் தமிழ் டீச்சர் இல்லை. வார நாட்களில் ஒரு கொலிஜில் கணிதம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் கொம்பியூட்டர் சயன்ஸ் பட்டத்துக்கு நேரடியாகச் சேர்ந்தால் மூன்று ஆண்டு. பவுண்டேஷனோடு சேர்ந்தால் நான்கு. அந்த முதல் ஆண்டில் படிப்பது ஏ லெவல் (நம் ஊர் உயர்தரம் போன்றது) தரத்துப் பாடம். அதன் புள்ளிகள் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று பட்டத்தின் தரத்தைக் கணிக்கும்போது சேராது. ஆனால் அதில் சித்தியடைந்தால்தான் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டுக்குப் போகலாம். அங்கிருந்து இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே விரிவுரை மண்டபத்தில்தான் இருப்பார்கள், கடைசியில் வாங்குவதும் ஒரே பட்டம். குயின் மேரி, வெஸ்ட்மின்ஸ்டர், ஹேர்ட்பட்ஷயர் என்று நம் பிள்ளைகள் வழக்கமாக விண்ணப்பிக்கும் இடங்களில் இரண்டு வழிகளும் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பங்களை அனுப்பும் இணையத்தளமான யூகாஸில் இரண்டுக்கும் கோர்ஸ் கோட் வேறு என்பதால் அவசரத்தில் மாறிக் கிளிக் பண்ணாமல் பாருங்கள்.

யாருக்கு இது தேவை என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் மேல்வகுப்பில் படித்த ஒரு மகன், பைதன் என்ற புரோகிராம் மொழியில் பாம்பு விளையாட்டைத் தானாகவே எழுதியவன். அவன் எடுத்தது ஏ லெவல் இல்லை, ஐடியில் பீடெக். (ஊரில் இருக்கும் மாமாவிடம் "பீடெக் படிக்கிறான்" என்று சொல்லிவிடாதீர்கள், என்ஜினியர் ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார். இங்கே அது ஏ லெவலுக்குச் சமமான தொழில்சார் படிப்பு.) ஒருநாள் வெள்ளைப் பலகையில் கணிதத்தின் சிக்மா குறியைப் போட்டேன். கீழே 1, மேலே 10, பக்கத்தில் வர்க்கம். "இது என்ன?" என்று கேட்டேன். "இங்கிலிஷ் ஈ எழுத்தைக் கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறீங்கள், டீச்சர்" என்றான். சரி என்று பலகையை அழித்துவிட்டு, 1 முதல் 10 வரையான எண்களின் வர்க்கங்களைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுது என்றேன். அரை நிமிடம் ஆகவில்லை. இரண்டு மூன்று வரியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப். விடை 385. "நான் முதலில் எழுதியதும் இதேதான்" என்றதும் அவன் பலகையையும் மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவன் கெட்டிக்காரன்தான். அந்தக் குறியை அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் நேரடியாகப் போயிருந்தால், ஒக்டோபர் மாதத்திலேயே டிஸ்கிரீட் கணித விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போயிருப்பார். கணங்கள், தர்க்கம், நிறுவல், நிகழ்தகவு, அணிகள் எல்லாம் முதலாம் ஆண்டிலேயே வந்துவிடும். கொம்பியூட்டர் சயன்ஸ் என்றால் கோடிங் என்று நாம் நினைக்கிறோம். பல்கலைக்கழகங்கள் கணிதம் என்று நினைக்கின்றன. ஏ லெவலில் கொம்பியூட்டர் சயன்ஸைக் கட்டாயமாகக் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. கணிதத்தைக் கேட்பவை ஏராளம், கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் அதற்குமேல் டிஎம்யூஏ என்ற கணிதத் தேர்வும் வைக்கின்றன. அந்த மகன் பவுண்டேஷன் எடுத்தான். இப்போது பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் இருக்கிறான்.

நானும் அந்த வழியால் வந்தவள்தான். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது என் உயர்தரப் படிப்பு நடுவழியில் நின்றது. இங்கே வந்து சேர்ந்ததும் ஒரு பவுண்டேஷன் ஆண்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆகவே அதை யாராவது "பெயிலான பிள்ளைகளுக்கானது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வருவது மறுபக்கத்தில். பிள்ளை ஏ லெவல் கணிதம் எடுக்கிறது, பி கிடைக்கும் என்று பாடசாலை எதிர்பார்க்கிறது, நேரடியாக எடுக்கும் நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் அதைவிடப் பெயர் பெற்ற ஓரிடத்தில் பவுண்டேஷன் கிடைக்கும் என்று வீட்டில் அந்தப் பக்கம் தள்ளுகிறோம். கோயிலில் சந்திப்பவர்கள் "மகள் எந்த யூனி?" என்று கேட்பார்கள், "எத்தனை வருடக் கோர்ஸ்?" என்று கேட்கமாட்டார்கள் அல்லவா. அந்தப் பிள்ளை ஒரு முழு ஆண்டும் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வகையீட்டையும் தொகையீட்டையும் திரும்பப் படிக்கும். சலித்துப்போய் வகுப்புக்குப் போகாமல் விட்டு, அந்த ஆண்டிலேயே பெயிலான பிள்ளைகளையும் கொலிஜில் பார்த்திருக்கிறேன்.

"ஒரு வருடம்தானே டீச்சர், லோன் தருகிறார்கள்தானே" என்கிறீர்கள். தருகிறார்கள், உண்மை. பட்டத்தோடு இணைந்த பவுண்டேஷனுக்கு இங்கிலாந்தில் கல்விக் கடன் உண்டு. கணக்கைப் பாருங்கள். 2025–26இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண். அதே கட்டணத்தில் மூன்று ஆண்டுக்கு 28,605, நான்கு ஆண்டுக்கு 38,140. சாப்பாடு, அறை, பயணத்துக்கு வாங்கும் கடன் தனி. சில பாடங்களின் பவுண்டேஷன் கட்டணத்தை அரசு 5,760 பவுணாகக் குறைத்திருப்பது உண்மைதான், ஆனால் அது வகுப்பறையோடு முடியும் வணிகம், சமூகவியல் போன்றவற்றுக்கு. கணினிப் படிப்பு பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. இப்போது சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் தொகையில் 9 வீதம் கட்டவேண்டும். 35,000 சம்பளம் என்றால் மாதம் 75 பவுண். மிச்சம் இருந்தால் 40 ஆண்டு முடியத்தான் தள்ளுபடி. முன்பு 30 ஆண்டாக இருந்தது. அந்தக் காலத்தில் படித்த அண்ணா, அக்காமாரின் அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதோடு வேலைக்குப் போவதும் ஓர் ஆண்டு பிந்துகிறது.

"நேரடியாகப் போட்டுப் புள்ளி குறைந்துவிட்டால்?" என்ற பயமும் இருக்கிறது. யூகாஸில் ஐந்து தெரிவுகள் உண்டு. நாலை நேரடிப் படிப்புக்குப் போட்டு, அதில் ஒன்றைப் புள்ளி குறைவாகக் கேட்கும் இடமாக வைத்து, ஐந்தாவதை மட்டும் பவுண்டேஷனுக்குக் கொடுக்கலாம். அப்புறம் இன்னொன்று: ஓகஸ்டில் புள்ளி தவறினால், பல பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே "பவுண்டேஷனோடு வருகிறாயா?" என்று கேட்கும். பெறுபேறு வந்தபின் மிச்சமிருக்கும் இடங்களை நிரப்பும் கிளியரிங்கிலும் அந்த இடங்கள் இருக்கும். நேரடியிலிருந்து பவுண்டேஷனுக்கு இறங்குவது லேசு. பவுண்டேஷன் ஒஃபரை வைத்துக்கொண்டு, புள்ளி நன்றாக வந்தபின் நேரடிக்கு ஏறுவதற்கு அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதிக்கவேண்டும். மீண்டும் ஏ லெவல் எழுதுவது என்றால் அடுத்த மே, ஜூன் வரை காத்திருக்கவேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் வழுக்கிய, வீட்டிலிருந்து தானாகப் படிக்கக்கூடிய பிள்ளைக்கு அது செலவு குறைந்த வழி. தானாகப் படிக்காத பிள்ளையை நீங்களே அறிவீர்கள்.

பவுண்டேஷன்தான் சரி என்று முடிவெடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தைப் பார்க்கத் திறந்த நாளுக்குப் போகும்போது கட்டடத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கேளுங்கள். முதலாம் ஆண்டுக்குப் போக எத்தனை வீதம் வேண்டும்? ஓரிடத்தில் வெறும் சித்தி போதும், இன்னோரிடத்தில் அதைவிட நிறையக் கேட்பார்கள். கணிதம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? படிப்பிப்பது அந்தத் துறையா, வேறொரு கூட்டுக் கொலிஜா? அந்தச் சான்றிதழோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா? பெரும்பாலும் முடியாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

இலங்கையிலிருந்து உறவுப் பிள்ளையைக் கூப்பிடுகிறவர்களும் இதே சொல்லைச் சொல்கிறீர்கள், ஆனால் வெளிநாட்டு மாணவர் பவுண்டேஷன் வேறு சரக்கு. கட்டணம் கூட, அரசுக் கடனும் இல்லை. இலங்கை உயர்தரப் பெறுபேற்றை நேரடிச் சேர்க்கைக்கு ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இங்கே நிறைய உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். கொழும்பில் இருந்தபடியே வெஸ்ட்மின்ஸ்டர் பட்டம் படிக்க அங்கே ஐஐடி (இன்போமடிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னோலஜி, இந்தியாவின் ஐஐடி இல்லை) என்ற நிறுவனமும் இருக்கிறது.

2026 சேர்க்கைக்கான யூகாஸ் கடைசித் திகதி 2026 ஜனவரி 14, மாலை 6 மணி. உங்கள் பிள்ளையின் பாடசாலை அதற்கு வெகு முன்னதாகவே கேட்கும். டிசம்பர் விடுமுறைக்கு முந்திய இரண்டு சனிக்கிழமைகளிலும் வகுப்பு முடிந்த பிறகு நூலக அறையில் இருப்பேன். எதிர்பார்க்கும் புள்ளிகள் எழுதிய தாளையும், பார்த்து வைத்த கோர்ஸ்களின் பெயர்களையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதலில் அவரோடுதான் கதைப்பேன். தேநீர் இருக்கும். அறையை 2 மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும், தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்