மெரெர் எழுதி வச்ச டைரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பிரமிடு பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். அவ்வளவு பெரிய கல்லை அந்தக் காலத்து மனுசங்க எப்படித் தூக்கியிருப்பாங்க, யாருக்கும் விடை தெரியல, வேற கிரகத்துலேர்ந்து வந்தவங்க கட்டியிருக்கலாம்னு முடிச்சிருக்கீங்க. விடை தெரியலங்கறதே தப்பு சார்.

2013ல எகிப்துல, செங்கடல் கரையில வாடி அல் ஜர்ஃப்ங்கற இடத்துல பியர் டாலேங்கற பிரெஞ்சு ஆய்வாளரோட டீம் பாப்பிரஸ், அதாவது கோரைத் தண்டுல செஞ்ச அந்தக் காலத்துக் காகிதத் துண்டுகளைக் கண்டெடுத்தாங்க. எழுத்தோட கிடைச்ச பாப்பிரஸ்லயே ரொம்பப் பழசு அதுதான், கிட்டத்தட்ட 4500 வருசம். அதுல மெரெர்னு ஒரு ஆள், படகுல வேலை பாத்த கோஷ்டிக்குத் தலைவர், துரா குவாரியில சுண்ணாம்புக்கல் ஏத்தினது, நைல் நதி வழியா பிரமிடு இருக்கற கீசாவுக்குக் கொண்டு போய் இறக்கினது, ராத்திரி எங்க தங்கினாங்கங்கறது வரைக்கும், லாரி டிரைவர் ட்ரிப் ஷீட் எழுதற மாதிரி நாள்வாரியா எழுதி வச்சிருக்கார். பத்து நாளைக்கு ரெண்டு மூணு ட்ரிப். இது பிரமிடுக்கு மேல போர்த்தின வெள்ளைக் கல்லுக்கு மட்டும், உள்ள இருக்கற கல் பெரும்பாலும் கீசாவுலயே வெட்டினது, வெட்டின பள்ளம் இன்னும் பக்கத்துலயே இருக்கு. அங்க இருக்கற பெரிய பிரமிடைக் கட்டின குஃபு ராஜாவோட கடைசி வருசங்கள்ல எழுதின கணக்கு, அந்தப் பெரிய பிரமிடோட கணக்குதான்.

அங்க வேலை செஞ்சவங்களோட ஊர், ரொட்டி சுட்ட இடம், கல்லறை எல்லாமே கிடைச்சிருக்கு. எலும்பு முறிஞ்சு திரும்ப ஒட்டினது கூட அந்த எலும்புக்கூடுகள்ல தெரியுது, அதாவது அடிபட்டவனை யாரோ பக்கத்துல இருந்து பாத்திருக்காங்க. இதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. குஃபுவோட அப்பா ஸ்னெஃபெரு தாஷூர்ங்கற இடத்துல கட்டின பிரமிடைப் பாருங்க, கீழ்ப்பாதி சுமார் 54 டிகிரி சாய்வு, மேல்பாதி 43, கட்டிக்கிட்டு இருக்கும்போதே பாரம் தாங்காதுன்னு பயந்து மாத்திட்டாங்கன்னு தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, அப்புறம் அதே ராஜா கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு ஒழுங்கா கட்டினார். தப்பு பண்ணி பண்ணிக் கத்துக்கிட்ட மனுசங்களோட வேலை சார் இது.

கல்லை மேல ஏத்தின சாய்தளம் எப்படி இருந்துச்சுன்னு ஆய்வாளர்களுக்குள்ளயே இன்னும் விவாதம் நடக்குது, நடக்கட்டும். ஆனா அது எப்படிங்கற கேள்வி, யாருங்கறது இல்ல.

இதெல்லாம் சும்மா ஒரு சுவாரசியத்துக்குத்தானேன்னு நீங்க நினைக்கலாம். ஆப்பிரிக்காவுல இருக்கற கிரேட் ஜிம்பாப்வேல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. சாந்து இல்லாம கல் மேல கல் அடுக்கிக் கட்டின பெரிய நகரம், அந்த மண்ணோட ஷோனா மக்களோட முன்னோர்கள் கட்டினது. வெள்ளைக்காரங்க ஆட்சியில அதை மத்தியதரைக் கடல் பக்கத்து ஃபினீசியர் கட்டினாங்க, பைபிள்ல வர்ற ஷீபா ராணி கட்டினாங்கன்னு கதை விட்டாங்க, ஏன்னா ஆப்பிரிக்கர்களால முடியும்னு ஒத்துக்க மனசில்ல. ரிச்சர்ட் ஹால்ங்கறவர் 1902லேர்ந்து 1904 வரைக்கும் அங்க தோண்டி, ஆப்பிரிக்க மக்கள் வாழ்ந்த மண் அடுக்குகளைக் குப்பைன்னு அள்ளி வெளிய கொட்டிட்டார். மண் அடுக்குங்கறது ஒரு தடவைதான் சார், எந்தப் பொருள் எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கறதுதான் சாட்சியே, கலைச்சுட்டா திரும்ப அடுக்க முடியாது. 1905ல ராண்டல் மக்ஐவர், 1929ல கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன், ரெண்டு பேருமே முறையா தோண்டிப் பாத்து ஆப்பிரிக்கர்கள் கட்டினதுதான்னு சொல்லியும், அந்த ஆட்சி 1970கள் வரைக்கும் பழைய கதையையே வளத்துச்சு. 1980ல விடுதலை ஆனப்ப அந்த ஜனங்க தங்களோட நாட்டுக்கே அந்த இடத்தோட பேரை வச்சாங்க, அங்க கிடைச்ச கல் பறவை இன்னைக்கும் அவங்க கொடியில இருக்கு.

அதனால தயவுசெஞ்சு கட்டுரையில இருக்கற அந்தத் தப்பைத் திருத்தி ஒரு குறிப்பு போடுங்க. முடிஞ்சா அடுத்த இதழ்ல மெரெரோட டைரியைப் பத்தியே நாலு பக்கம் எழுதுங்க, அந்த ஆள் பேரு நம்ம வாசகர்களுக்குத் தெரியணும்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி