சிறிய குழுமங்களுக்கும் சட்டத்தில் ஒரு படி வேண்டும்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு காலை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய ஓர் அம்மா எங்கள் இணையக் குழுமத்தில் எழுதினார்: "மகனை எய்ம்ஸில் காட்ட வந்திருக்கிறோம். இந்தி தெரியாது. யாராவது கூட வர முடியுமா?" அரை மணி நேரத்தில் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். புறநோயாளிகள் வரிசையில் மதியம் வரை அவரும் நின்றார்.

குழுமம் இதற்காகத்தான் இருக்கிறது. தில்லித் தமிழர்கள் 600 பேர். விளம்பரமும் இல்லை, சம்பளமும் இல்லை; சர்வர் வாடகையை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்கிறோம்.

உங்கள் 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்குக் கூடுதல் கடமைகளை விதித்தன. நியாயம். ஆனால் சிறிய தளங்களுக்கென்று கீழே தனிப் படியே இல்லை. விதிப்படி எங்களுக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், அவர் பெயரும் தொடர்பு விவரமும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் அது ஒரு பதவி. எங்களிடம் அந்தப் பெயர் ஒரு பள்ளி ஆசிரியையுடையது. வசைப் பதிவு ஒன்றை அவர் நீக்கிய இரவில், எழுதியவன் மூன்று முறை கைப்பேசியில் அழைத்து மிரட்டினான். "என் நம்பரை எடுத்துவிடலாமா?" என்று மறுநாள் அவர் கேட்டார். விதி அப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்து, 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும். தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. எங்களிடம் தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் கேட்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சரிபார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. அவர்களை வெளியே அனுப்புவதைத் தவிர என்ன செய்வது?

பிரிட்டனில் இது நடந்துவிட்டது. அங்குள்ள ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருமுன்பே, லண்டன் மிதிவண்டிக்காரர்களின் மன்றம் ஒன்று மூடப்போவதாக அறிவித்தது. அபராதம் 1.8 கோடி பவுண்டு வரை போகலாம் என்றால், தன் வீட்டிலிருந்து மன்றம் நடத்துபவர் வேறென்ன முடிவெடுப்பார்?

குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை, அந்தரங்கப் படங்கள் போன்றவற்றில் எங்களுக்குச் சலுகையே வேண்டாம். கண்ட நொடியில் நீக்குகிறோம். மற்றவற்றில் லாப நோக்கற்ற சிறு குழுமங்களுக்கென ஒரு தனிப்படி வகுத்துத் தாருங்கள். குறைதீர் அலுவலரின் சொந்தப் பெயருக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும் என்று சொல்லுங்கள். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெற்றோர் ஒப்புதலில் விலக்கு அளித்தீர்களே, அதற்கு இடம்தரும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9(4)-ஆம் பிரிவு எங்களைப் போன்றவர்களுக்கும் பயன்படட்டும்.

லோதி சாலையில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு எந்த வேலை நாளில் அழைத்தாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறோம். ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தில்லித் தமிழ்க் குழுமம் ஒன்றின் மட்டுறுத்துநர்