யிங் அல்ல, ஹூ

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உலகப் பெண் விஞ்ஞானிகள் பற்றி வந்த கட்டுரையில் சீனத் தாவரவியலாளர் ஹூ ஷியு-யிங்குக்கும் அரைப் பத்தி இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த அரைப் பத்தி முழுக்க அவர் 'யிங்' ஆகவே வருகிறார். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். அவர் ஹூ. ஷியு-யிங் என்பது பிரிக்கக் கூடாத பெயர். செந்தாமரை என்பவரை 'மரை' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? (யிங் என்ற எழுத்துக்குப் பூ என்றும் ஒரு பொருள் உண்டு என்பதால் தாமரையைச் சொன்னேன்.)

பெயர் கிடக்கட்டும். 'பல புதிய செடிகளைக் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டதுதான் எனக்கு உறுத்தியது. 28 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் செய்த வேலையின் கஷ்டம் கொஞ்சம் தெரியும்.

1910இல் ஜியாங்சு மாகாணத்தின் ஷுசோ பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நாஞ்சிங்கில் ஜின்லிங் பெண்கள் கல்லூரி, குவாங்சோவில் லிங்னான் பல்கலைக்கழகம் என்று படித்து முடித்த வருடம் 1937, ஜப்பானியப் படை உள்ளே வந்த வருடம். மேற்கே செங்டுவில் போர்க்காலம் முழுக்க ஆசிரியர் வேலை பார்த்தார். 1946இல் ஹார்வர்டு போய், 1949இல் முனைவரானார். பட்டம் கொடுத்தது ராட்கிளிஃப் கல்லூரி. கலை, அறிவியல் படித்த பெண்களுக்கு ஹார்வர்டு தன் பெயரில் முனைவர் பட்டம் தராத காலம் அது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஹாலி மரங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிவப்பு மணிகளோடு முள் இலை ஒன்று இருக்குமே, அந்த இனம். நம் நீலகிரிச் சோலைக்காடுகளிலும் இதன் உறவுகள் உண்டு, முள் இல்லாமல். சீனாவில் மட்டும் 200 வகைக்கு மேல். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. செடியைக் காயவைத்து ஒட்டிவைக்கும் தாள்களில், ஒன்றில் ஆண் பூ ஒட்டியிருக்கும், இன்னொன்றில் வெறும் காய் இருக்கும். இரண்டும் ஒரே வகையா, வேறா என்று காய்ந்த இலையின் நரம்பு போன்ற அடையாளங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் பெயரிட்ட ஒரு ஹாலியின் இலையைத்தான் இன்றும் 'குடிங் சா' என்ற கசப்புத் தேநீராகப் போட்டுக் குடிக்கிறார்கள். சகாக்கள் அவரை 'ஹாலி ஹூ' என்றே அழைத்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம்தான் கட்டுரை தொடாத விஷயம் வருகிறது. சீனச் செடிகளின் முதல் மாதிரிகள் பெரும்பாலும் சீனாவில் இல்லை. பாரிஸிலும் லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்தன. ஹூ பிறந்த 1910இல்கூட, அவர் பின்னாளில் வேலை பார்த்த பாஸ்டனின் ஆர்னால்டு மரத்தோட்டத்துக்காக வில்சன் என்ற ஆங்கிலேயர் சிச்சுவான் மலைகளில் செடி சேகரித்துக்கொண்டிருந்தார். ஒரே செடிக்கு நாலு நாட்டு நிபுணர்கள் நாலு பெயர் வைத்திருந்தார்கள். 1950களில் ஹூ அந்தப் பெயர்களையெல்லாம் தேடி, எந்த நூல், எந்தப் பக்கம், யார் வைத்த பெயர் என்று அட்டை அட்டையாகத் தொகுத்தார். ஒன்றரை லட்சம் அட்டைகளுக்கு மேல்! தட்டச்சு இயந்திரம் மட்டும் இருந்த காலம். நான் துறை நூலகத்தில் 2,000 அட்டை எழுதுவதற்குள்ளேயே விரல் காய்த்துப்போனது.

இதையெல்லாம் அவர் செய்தபோது, சொந்த நாட்டுக்கும் அவர் இருந்த நாட்டுக்கும் தூதரக உறவே இல்லை. சீனச் செடிகள் முழுவதற்குமான பெயர்ப் பட்டியல், சீனாவுக்குப் போக வழியில்லாத ஊரில் இருந்துகொண்டு உருவானது. அந்தத் திட்டத்தில் 1955இல் செம்பருத்திக் குடும்பத்துக்கான தொகுதி வந்தது. நம் வீட்டு வெண்டையும் பருத்தியும் அந்தக் குடும்பம்தான்.

1968இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். ஹார்வர்டில் ஓய்வு பெற்ற பிறகும் ஹாங்காங்கில் மலை ஏறிச் செடி பறிப்பதை விடவில்லை. உலர்தாவரச் சேகரிப்பை வளர்த்தார். அந்த உலர்தாவரகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. சீனர்கள் சாப்பிடும் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2005இல் வந்தது. அப்போது வயது 95. 2012இல், 102 வயதில் காலமானார்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் 60 வருடத்து உலர்தாவரத் தாள்களைப் பூச்சி அரித்துவிட்டது என்று பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டார்கள். கொடைக்கானலில் அட்டைப்பூச்சிக் கடியோடு மாணவிகள் பறித்து வந்த தாள்களும் அதில் போயின. அதனால்தான் இந்த அரைப் பத்தியைப் பார்த்துக் கோபம் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது, மன்னியுங்கள்.

அடுத்த இதழில் பெயரைத் திருத்திவிடுங்கள். படம் போட இடம் இருந்தால், பூங்கொத்தோடு அவர் சிரிக்கும் படத்துக்குப் பதிலாக அவர் தொகுத்த பெயர் அட்டைகளில் ஒன்றைப் போடுங்கள். அவற்றை இப்போது கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
திண்டுக்கல்.