கோயம்பேட்டில் ஓர் உலர்களம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளி விலை ஏறினால் அது முதல் பக்கச் செய்தியாகிறது; பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் அதைச் சாலையோரத்தில் கொட்டும்போது உள்பக்கத்தில் ஒரு படம் வருகிறது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றபோது, நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசே முன்வர வேண்டியிருந்தது. மலிந்த மாதத்துக் காயை விலையேறும் மாதம் வரை காப்பாற்றி வைக்கும் வழி நம் வீடுகளிலேயே இருந்தது. வற்றல் போடுவதுதான் அது. சென்னையில் அந்த வழக்கம் அருகி வருவதற்கு இடமின்மையே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஆகவே கோயம்பேடு சந்தை வளாகத்திலோ அதையொட்டியோ, மகளிர் சுய உதவிக் குழுக்கள் பயன்படுத்தும் வகையில் ஒரு பொது உலர்களம் அமைக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மொத்தக் காய்கறி வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது 1996ஆம் ஆண்டில். ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தில் நள்ளிரவு தொடங்கி லாரிகள் சரக்கை இறக்க, விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் நல்லதைப் பார்த்து எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு கடை வாசலில் பெட்டிகளைக் கவிழ்த்துத் தரம் பிரிக்கும்போது, காம்பு கழன்ற தக்காளி, ஒரு பக்கம் அமுங்கிய கத்தரிக்காய், சற்றே வாடிய வெண்டை, மூட்டைக்குள் கசங்கிய கொத்தவரை என்று ஒரு குவியல் தனியே சேர்வதைப் பார்க்கலாம். அழுகலும் பூஞ்சையும் கண்டவற்றை உலர்த்தவே கூடாது. ஆனால் அந்தக் குவியலில் அப்படி அல்லாதவையும் கணிசமாக உண்டு. அன்று மாலைக்குள் கை வைத்தால் அது உணவு, மறுநாள் அது குப்பை. நாளொன்றுக்கு 30 டன் சந்தைக் கழிவைக் கொண்டு மின்சாரம் தயாரிப்பதற்காக அங்கே ஒரு நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே அமைக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். எனினும், உண்ணத் தகுந்த காயை உணவாகவே காப்பது அதற்கும் முந்தைய கடமை அல்லவா?

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். வெண்டை, கத்தரி, பாகல் ஆகியவற்றிலும் ஏறத்தாழ 90 பங்கு தண்ணீர்தான். அதனால் நூறு கிலோ தக்காளியை நன்றாக உலர்த்தினால் ஆறேழு கிலோதான் தேறும். நுண்ணுயிரிகள் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் அதில் இல்லாததால் குளிர்பதனக் கிடங்கும் மின்கட்டணமும் இல்லாமல் அது மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. ஆனால் எல்லாக் காயையும் ஒரே விதமாக வெயிலில் பரப்பிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. சுண்டைக்காயைக் காம்பு நீக்கி, வாய் பிளக்கும்படி ஒரு தட்டுத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் காய்க்குள் ஏறும் வரை நாள்தோறும் இதைத் தொடர்வார்கள். கொத்தவரங்காயை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டுத்தான் காயப்போடுவார்கள். காயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளைச் சூட்டினால் செயலிழக்கச் செய்த பிறகே உலர்த்த வேண்டும் என்று இன்றைய உணவுத் தொழில்நுட்பம் கற்பிப்பதும் இதையேதான். மாங்காயோ உப்பில் ஊறிய பின் வேகாமலே காய்கிறது. அதன் புளிப்பு ஆண்டு முழுவதும் சாம்பாருக்கும் வற்றல் குழம்புக்கும் ஆகும். மணத்தக்காளி, பாகல், மோர் மிளகாய், அத்திக்காய் என்று இந்த வரிசை நீளமானது. மிதுக்கங்காய் என்னும் சிறு காயில் போடும் மிதுக்க வற்றல் இப்போது சென்னைக் கடைகளில் எளிதில் கண்ணில் படுவதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

வற்றல் புதிய காய்க்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. வைட்டமின் சி சூட்டிலும் வெயிலிலும் பெருமளவு அழிந்துவிடும். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் பச்சையாகவே உண்ணப்பட வேண்டும். கேரட்டில் உள்ள கரோட்டினும் தக்காளியில் உள்ள லைகோபீனும் சற்று எண்ணெய் சேர்த்துச் சமைக்கும்போதுதான் உடலில் நன்றாகச் சேர்கின்றன. உலர்த்திய காயில் நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. பச்சைக் காய், சமைத்த காய், வற்றல் ஆகிய இம்மூன்றும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீரை உட்பட நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது. விலையேறும் மாதங்களில் ஏழைக் குடும்பத்தின் தட்டிலிருந்து முதலில் குறைவது காய்தான் என்பதை நாம் அறிவோம். அந்த மாதங்களில் கைப்பிடி வற்றலாவது வீட்டில் இருக்க வேண்டும்.

வற்றலில் உப்பு மிகுதி என்ற குறை நியாயமானது. திறந்த வெளியில் மெதுவாகக் காயும்போது கெடாமலிருக்கவே உப்பைக் கூட்டிப் போடுகிறோம். சென்னையில் கடற்காற்றின் ஈரம் வேறு. பகலில் காய்ந்தது இரவில் மீண்டும் பதத்துப்போகும். காக்கை, தூசி, வைகாசியில் திடீரென்று இறங்கும் இடிமழை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலிகார்பனேட் தகடு வேய்ந்த சூரிய உலர்த்திக் கூடத்தில் 50 முதல் 60 டிகிரி வரை வெப்பம் நிற்பதாலும், ஈரக்காற்றை விசிறிகள் வெளியேற்றிக்கொண்டே இருப்பதாலும், காய் விரைவாகவும் சுத்தமாகவும் காய்கிறது. உப்பையும் குறைத்துக்கொள்ள முடியும். ஒரு தனி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது, ஆனால் ஒரு சந்தைக்குக் கட்டுப்படியாகும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடிக் கதவு ஆண்டு முழுவதும் பூட்டியே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆண்டெனாக்களும் போக மிச்சமுள்ள இடத்தில் ஒரு பாய் விரிக்கக்கூடச் சங்கம் அனுமதிப்பதில்லை. தளத்தில் உப்பு நீர் இறங்கும் என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை கூறவில்லை, ஆனால் நகரத்தில் பலர் இப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான் வாழ்கிறோம். பக்குவம் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், மலிவு விலையில் காய் இருக்கிறது, சுட்டெரிக்கும் வெயிலும் இருக்கிறது; இவை மூன்றும் சேர்வதற்கு ஓரிடம் இல்லை.

பணத்துக்கு வழி ஏற்கெனவே உண்டு. குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தொடக்க மூலதனமாக 40,000 ரூபாய் வரை தரவும் அதில் வழி செய்யப்பட்டது. தொழில்நுட்பப் பயிற்சிக்குத் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நிலத்தை மட்டும் எந்தக் குழுவும் தானாகத் தேடிக்கொள்ள முடியாது. அதைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் சந்தை நிர்வாகக் குழுவும்தான் ஒதுக்கித் தர வேண்டும். தரம் பிரிக்கும் இடத்துக்கு அருகிலேயே கழுவும் தொட்டி, வேகவைக்கும் அடுப்பு, உலர்த்திக் கூடம், ஈரம் புகாத சிப்பமிடும் அறை ஆகியவை அமைந்தால் காயை ஏற்றி இறக்கும் செலவும் மிஞ்சும்.

விற்பனைக்கும் மாநகராட்சியின் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. 2013 முதல் அம்மா உணவகங்களில் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் தரப்படுகிறது. அதைச் சமைத்துப் பரிமாறுபவர்களும் சுய உதவிக் குழுப் பெண்களே. அந்தத் தட்டில் வறுத்த மணத்தக்காளி வற்றலோ கொத்தவரை வற்றலோ ஒரு கரண்டி வைத்தால், உலர்களத்துக்கு நிலையான கொள்முதல் கிடைக்கும். உழைத்துக் களைத்து வந்து சாப்பிடுபவருக்கும் சோறு இன்னும் ருசியாக இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த உலர்த்தியும் முழுப் பயன் தராது. மாசிக்குள் இடத்தை ஒதுக்கிக் கூடத்தை நிறுவினால்தான் பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிலைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். ஆடி பிறந்த பிறகு அனுமதிக் கடிதம் வந்தால் ஓராண்டு வீணாகிவிடும். எனவே அதிகாரிகள் இந்த ஆண்டே, ஓர் உலர்த்திக் கூடத்தை மட்டுமாவது சோதனை முறையில் அமைத்து, ஒரு பருவ வரவு செலவைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 33