நாலு மணிக்குப் போ, பாப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கோவில்பட்டிப் பக்கம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று போனில், ஜிம்முக்கு எந்த நேரம் போவது நல்லது என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் கேப் வந்துவிட்டது. "அப்புறம் பேசுறேம்பா" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் எந்த வாரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் எழுதியே அனுப்புகிறேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நிற்கும்போது படித்துக்கொள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்குப் போ. விடிகாலை ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு போகலாமா என்று கேட்டாயே, அது வேண்டவே வேண்டாம்.

உன் சிநேகிதிகள் அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுகிறார்கள், அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸும் வைக்கிறார்கள், சரி. அவர்கள் பத்து மணிக்குப் படுத்தவர்கள். அவர்களுக்கு அஞ்சு மணி என்பது நாளின் தொடக்கம். மூன்றரைக்கு லாகவுட் பண்ணிவிட்டு நாலே காலுக்கு வீட்டுக்கு வந்து சேரும் உனக்கு அதுதான் நாளின் கடைசி. உடம்பின் சூடு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பின்னிரவில், நாலு அஞ்சு மணி வாக்கில்தான் அது ஆகக் கீழே இறங்கியிருக்கும். கை கால் விறைப்பாக இருக்கும், கவனம் மங்கியிருக்கும். ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணோடு, தோளில் எடையை வைத்துக்கொண்டு பஸ்கி எடுக்கப் போனால் முட்டியோ இடுப்போ பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு மாதம் ஜிம்மே கிடையாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நன்றாக வியர்க்க உடற்பயிற்சி செய்தால் நாடித் துடிப்பும் உடம்புச் சூடும் ஏறும். அவை இறங்கினால்தான் கண் சொக்கும். நீ ஜிம் முடித்து, குளித்து, படுக்க ஆறு ஆகிவிடும். அதற்குள் வெளிச்சம் வந்துவிடும். கண்ணில் காலை வெளிச்சம் பட்டதும் மூளை 'விடிந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடும். இந்த உள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு, ஹால், ராஸ்பாஷ், யங் என்பவர்களுக்கு, 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் ஹெச்.ஆர். போடும் ரோஸ்டரை அந்தக் கடிகாரம் படிப்பதில்லை. வந்ததும் முகம் கை கால் கழுவி, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் படு. தூக்கத்தைக் கொடுத்து உடற்பயிற்சியை வாங்காதே. அந்த வியாபாரம் கட்டாது.

எழுந்த உடனேயும் வேண்டாம். பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்து, அப்படியே தரையில் உட்கார்ந்து காலைத் தொடுகிறேன், சிட்-அப் எடுக்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் நீயும் என்னோடு வருவாய். உயரம் அளக்கும் வரிசைக்கு மட்டும் பயல்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவார்கள். "சார், ஓடுறதுக்கு முன்னாடி என்னைய அளந்துருங்க சார்" என்று ஒருத்தன் என் சட்டையைப் பிடித்துத் தொங்குவான். அவன் சொன்னது சரிதான். முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகள், நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்ளும். அதனால் தூங்கி எழுந்ததும் எல்லோருமே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம். நடக்க நடக்க, உட்கார உட்கார, அது அமுங்கிவிடும். உயரம் அளக்க அது நல்ல நேரம், குனிந்து வளைய மோசமான நேரம். பருத்திருக்கும் தட்டை மடக்கினால் அதன் மேல் இறுக்கம் கூடுதலாக விழும். எழுந்து ஒரு மணி நேரமாவது வீட்டு வேலை பார், துணி காயப்போடு, சமை. அதுவே வார்ம் அப்.

ஒரு மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிக்குள் வயிறு லேசாகிவிடும். உடம்பின் சூடு பிற்பகலில் ஏறி, சாயங்காலத்தில்தான் உச்சிக்குப் போகும். தசைக்கு வலு, மூட்டுக்கு நெகிழ்வு எல்லாம் அப்போதுதான் கூடுதல். 'நான்தான் ராத்திரி வேலை பார்க்கிறேனே, என் கடிகாரம் புரண்டிருக்காதா' என்று கேட்பாய். எத்தனை வருடம் ராத்திரி வேலை பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அது முழுசாகப் புரள்வதில்லை. லீவு நாளில் பகல் மனுஷியாக மாறிவிடுகிறாய் அல்லவா, அப்புறம் அது எங்கே புரளும்?

ஏதென்ஸ் முதல் ரியோ வரை நாலு ஒலிம்பிக்கின் நீச்சல் நேரங்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் அஞ்சு மணியை ஒட்டித்தான் வேகம் அதிகம் என்று வந்தது. என் ஸ்டாப் வாட்சும் அதைத்தான் சொல்லும். அதே பயல், அதே மைதானம், காலையில் நூறு மீட்டர் ஓடுவதைவிடச் சாயங்காலம் ஒரு இழை வேகமாக ஓடுவான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. வருடம் முழுக்கக் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். 2008 பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் நடத்தினார்கள். அமெரிக்காவில் ஜனங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் பார்க்க வேண்டுமே, அதற்காக. அந்தக் காலை நேரத்திலேயே அமெரிக்க நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் அள்ளினார். அதில் ஒன்று, நூறு மீட்டர் பட்டர்ஃப்ளை, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வந்தது. அந்த நூறில் ஒரு பங்குக்காக உயிரைக் கொடுப்பவர்கள் எந்த மணி என்று பார்க்கலாம். உனக்கு எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் நாலு மணி என்று ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன்? உன் வாரத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். வேலை நாளில் பன்னிரண்டுக்கு எழுந்து ஐந்தே முக்காலுக்குக் கேப் ஏறுகிறாய். சனி ஞாயிறு வந்துவிட்டால் எல்லோரையும் போல ராத்திரி தூங்கிக் காலையில் எழ முயற்சி பண்ணுகிறாய். இந்த இரண்டு வாழ்க்கையிலும் நீ விழித்திருந்து, வயிறும் நிறைந்து இல்லாமல், ஆபீஸும் கூப்பிடாமல் இருக்கும் நேரம் எது? நாலு மட்டும்தான். காலை அஞ்சு என்றால் வேலை நாளில் அசதி, லீவு நாளில் தூக்கம். ராத்திரி எட்டு என்றால் வேலை நாளில் நீ மீட்டிங்கில் இருப்பாய். வாரம் முழுக்க ஒரே மணிக்கு நடப்பது என்று உன் நாளில் இப்போது எதுவுமே இல்லை, சாப்பாடுகூட. இதாவது இருக்கட்டும். நாளைக்கே காலை ஷிஃப்டுக்கு மாற்றினாலும் நாலு மணி கைவிட்டுப் போகாது. ஒன்பது டு ஆறு கிடைத்தால் அப்போது ஏழுக்குத் தள்ளிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

வெளியில் நடக்கலாமா என்றும் கேட்டாய். சென்னையில் பல நாட்கள் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வந்துவிடும். நாலரைக்கு நடந்தால் தாங்கும். கத்திரி வெயிலில் மட்டும் ஜிம்முக்குள் ட்ரெட்மில்லில் நட. வெயில் இல்லாவிட்டால் போதும் என்றும் நினைக்காதே, நம்மை வாட்டுவதில் பாதி புழுக்கம். 2019-இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அந்த நேரத்திலும் சூடு முப்பது டிகிரிக்கு மேல், புழுக்கம் வேறு. கிளம்பிய 68 பேரில் 28 பேர் ஓடி முடிக்கவில்லை. உலகத்திலேயே நன்றாக ஓடுகிறவர்களின் கதியே இது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போ.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். நீ ஜிம்மைப் பற்றித்தான் கேட்டாய். எனக்குக் கவலை உன் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி. ஆபீஸ் செக்கப்பில் ஹெச்.பி.ஏ.1.சி, அதுதான் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை, 5.9 என்று வந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி. நம் வீட்டில் ஆச்சிக்கும் இருந்தது, அம்மாவுக்கும் இருக்கிறது. ஒரே சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட ராத்திரியில் சாப்பிட்டால் ஏறுவது அதிகம். ராத்திரியில் உடம்பு அதைச் சமாளிக்கத் தயாராக இருப்பதில்லை. நீயோ பன்னிரண்டு மணிக்கு ஃபுட் கோர்ட்டில் பரோட்டாவோ ஃப்ரைடு ரைஸோ சாப்பிட்டுவிட்டு, லிஃப்டில் ஏறி மறுபடி நாற்காலிக்குப் போகிறாய்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் நட. அவ்வளவுதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள 41 பேரை, ஒரு கட்டத்தில் தினமும் தோதான நேரத்தில் முப்பது நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பிறகு பத்துப் பத்து நிமிடம். நடந்த மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கூடுதலாக, 22 சதவீதம். அம்மா இதையெல்லாம் படிக்கவில்லை. டாக்டர் சொன்னார் என்று சாப்பிட்டதும் மொட்டை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக் கம்பத்துக்கும் இடையே போய்வருகிறாள். கூடவே போனில் உன் சித்தியோடு பேச்சு. பேச்சு முடியும் வரை நடை நிற்பதில்லை. அதில் நடை சில நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகிவிடும். நீ உங்கள் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே தாழ்வாரத்தைச் சுற்றி வா. அந்த நேரத்தில் ரோட்டுக்கு இறங்க வேண்டாம், நாய் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம்.

அத்தை பிரம்ம முகூர்த்தம் என்று சொன்னால் தலையாட்டிவிடு, எதிர்த்துப் பேசாதே. நம் கரிசல் பக்கம் விடியுமுன் எழுந்தவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டி எழுந்தவர்கள். அதே ஊரில் சிலம்பம் பழகியவர்கள் காடு கழனி வேலையை முடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் கம்பைத் தொட்டார்கள். அவரவர் வேலை எப்போது விட்டதோ அப்போது. ஆனால் மாமாவுக்கு பிரஷர் இருக்கிறது. எழுந்த முதல் சில மணி நேரம் ரத்த அழுத்தம் ஏறும் நேரம், மாரடைப்பும் முற்பகலில்தான் அதிகம் வருகிறது. அதற்காக அவர் நடையை நிறுத்த வேண்டியதில்லை. எழுந்ததும் மாத்திரையைக்கூடப் போடாமல் வேகு வேகென்று போகிறாரே, அதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

வெறும் வயிற்றில் செய்தால் கொழுப்பு கரையும் என்று உனக்கு யாரோ சொன்னார்களாமே. அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக எரியும், மாதக் கடைசியில் எடைக் கருவியில் ஏறினால் வித்தியாசம் தெரியாது. விடு.

என்ன செய்வது என்பதை ஜிம்மில் சொல்லித்தருவார்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது எடை தூக்குவது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இதுதான். எடையை விட்டுவிட்டு ட்ரெட்மில்லிலேயே நிற்காதே. பெண் பிள்ளைகள் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். சர்க்கரையைத் தின்னும் தசை வேண்டாமா?

பணம் கட்டுமுன் நாலு மணிக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார். பல இடங்களில் மத்தியானம் பூட்டிவைத்து அஞ்சுக்குத்தான் திறக்கிறார்கள். திறந்திருந்தாலும் டிரெய்னர் இருக்கமாட்டார். அவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு சேர். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள், மாதச் சந்தாவே போதும்.

கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் பார்சலில் வருகிறது. அம்மாதான் வாங்கிக் கட்டிவைத்தாள், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜிம்முக்குக் கிளம்புமுன் ஒன்று எடுத்துக்கொள். மீதியை ஆபீஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா