பார்க்கிறதுக்கே கூலி போடுங்க: கொங்கு நாட்டு டீசல் ஃபிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கும் ஸ்பேனர் பிடிக்கும் தம்பிமாருக்கும் வணக்கமுங்க.

சங்ககிரி, நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியும் பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றும் பிக்கப்பும் ஓடுவது உங்கள் கைவேலையால்தான். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் “இழுவை இல்லீங்ணா, மிஸ்ஸிங் அடிக்குது” என்று ஒரு வண்டி வந்து நின்றால், பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே “நாசில் போச்சு” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. டீசலைப் பீச்சும் நாசில் இல்லையென்றால், டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப். இரண்டுமே வண்டிக்காரனின் ஒரு மாத வரும்படியை விழுங்கிவிடும்.

மிஸ்ஸிங் வேறு, இழுவை போவது வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐடிலிங்கில் குலுங்குகிறது, காலையில் வெள்ளைப் புகை, சூடானதும் கொஞ்சம் அடங்குகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. நின்ற இடத்தில் ஜம்மென்று ஓடி, லோடு ஏற்றி மேட்டில் விட்டால் மட்டும் திணறுகிறது என்றால், எல்லா சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்றோ டீசலோ போதவில்லை, இல்லை, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வே பவரைக் குறைத்து வைத்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க டிரைவரிடம் நாலு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது. காலையிலா, சூடான பிறகா? காலி வண்டியிலா, லோடிலா? புகை என்ன நிறம்? கடைசியாக டீசல் போட்டது எங்கே?

எங்கள் பிக்கப்புக்கு நடந்ததைச் சொல்கிறேன். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. லோடோடு ஏறும்போது கறுப்புப் புகை கக்கிக்கொண்டு வண்டி இழுக்கவே இல்லை. ஒரு பட்டறையில் நாசில் இருக்கும் இன்ஜெக்டர் நாலையும் மாற்றினார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது. அப்புறம் வயதான ஃபிட்டர் ஒருவர், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் இருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார். விரலில் ஆயிலும் புழுதியும் சேர்ந்த கறுப்புப் பசை ஒட்டியது. ஹோஸை வளைத்ததும் கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது; கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. நின்ற வண்டியில் ரேஸ் கொடுத்தால் அது தெரியவே தெரியாது. லோடில் டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் திறந்து காற்றை வெளியே விடும். இன்ஜினுக்குள் போகாத காற்றையும் சென்சார் கணக்கில் எடுத்துக்கொள்வதால் டீசல் அதிகமாகி, எரியாமல் கறுப்பாக வெளியே வந்திருக்கிறது. ஒரு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப். அவ்வளவுதான்.

கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வந்த பிறகு இந்த அவசரம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பி0087 என்று கோடு (கோளாறு எண்) வந்தால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரிந்து போகும் ரெயில் குழாயில் பிரஷர் குறைவு என்று அர்த்தம். பம்ப் போச்சு என்று அர்த்தம் இல்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அதே கோடுதான். டேங்க் ஸ்ட்ரெயினரில் அழுக்கு, ஃபில்டர் வாஷரில் காற்றுப் பிடிப்பது, தேய்ந்த இன்ஜெக்டர் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் டீசலை விட்டுவிடுவது, எல்லாம் இதே கோட்டில்தான் வந்து நிற்கும். செலவு கம்மியான பக்கத்தில் இருந்து தொடங்குங்களேன். பம்புக்கு முன்னால் குறைந்த அழுத்தம் உள்ள லைனில் ஒரு சாண் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் சொருகிப் பார்த்தால் குமிழி வருகிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ரிட்டர்ன் லைன்களைத் தனித்தனியாக நாலு பாட்டிலில் விட்டால், எந்தப் பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் ஆள். ஒன்று போயிருந்தால் ஒன்றை மாற்றுங்கள். புதிதாகப் போடும் இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் கோடு எண்ணை இ.சி.யு.வில் ஏற்ற வேண்டிய வண்டியில் ஏற்றாமல் அனுப்பினால், குலுக்கலோடு திரும்பி வரலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய பம்ப் வண்டியில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது உங்கள் குருமார் சொல்லிக்கொடுத்த வித்தை. ரெயில் குழாய் உள்ள காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே 250 பார் அழுத்தம் இருக்கும், லோடில் பல வண்டிகளில் 1,600 பாரும் தாண்டும். அந்த டீசல் பீச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கட்டுப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற காயம் இல்லைங்க அது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. கசிவைத் தேட அட்டையைக் காட்டுங்கள், கையைக் காட்டாதீர்கள். பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர்த் தூசியையும் கணக்கில் வையுங்கள். நார் மில்லுக்குப் போய்வரும் வண்டியின் ஏர் ஃபில்டரைத் தட்டினால் மஞ்சி கொட்டும். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கம் இருந்து வேகமாக அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் ஏறும், பேப்பரும் கிழியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் புகைக்குழாயில் இருக்கும் ஃபில்டர் அடைத்தாலும் பவர் குறையும். அதை உடைத்துக் குடைந்துவிடலாம் என்று யோசனை சொல்லாதீர்கள்.

சரி, இவ்வளவையும் ஏன் செய்வதில்லை என்று எனக்கும் தெரியும். அரை நாள் உட்கார்ந்து பார்த்து, ஹோஸ்தான் என்று கண்டுபிடித்தால் ஹோஸ் மாற்றிய கூலியை மட்டும் கொடுத்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு நேரம்?” என்று கேட்கிறவர்கள் எங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். பொருள் மாற்றினால்தான் காசு என்றால் பொருள்தான் மாற்றுவீர்கள். அதனால் பார்க்கிறதுக்கே தனியாகக் கூலி போடுங்கள். போர்டில் எழுதி மாட்டுங்கள். பார்த்ததை, ரெயில் பிரஷர் எவ்வளவு, எந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து, கழற்றிய பழைய பொருளோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். வேலையை உங்களிடமே செய்தால் அந்தக் கூலியைப் பில்லில் கழிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இப்படிக்கு,
பொள்ளாச்சிப் பக்கத்து பிக்கப் வண்டிக்காரன்